பொங்கல் பானை விரிவது ஏன்?
மண் வனையப் பழகுவோருக்குச் சில குறிப்புகள்

தை பிறக்க ஒரு வாரம் இருக்கும்போதே ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் பொங்கல் பானைகள் வந்து இறங்கிவிடும். லெபோ பாசார் கடைகளின் அஞ்சடியில் கரும்புக்கும் மஞ்சள் கொத்துக்கும் பக்கத்தில் அவை அடுக்கடுக்காக அமர்ந்திருக்கும். வாங்க வரும் தாய்மார்கள் பலர் பானையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பார்கள். பிறகு மெல்லக் கீழே வைத்துவிட்டு எவர்சில்வர் பானைப் பக்கம் போய்விடுவார்கள். காரணம் கேட்டால், "போன வருசம் அடுப்புலேயே விரிஞ்சிடுச்சு தம்பி. நல்ல நாளும் அதுவுமா மனசு சங்கடமாப் போச்சு" என்பார்கள்.

பொங்கலன்று பானை விரிந்தால் அந்த ஆண்டு முழுவதும் வீட்டுக்கு ஆகாது என்னும் நம்பிக்கை நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அந்த அச்சமே பலரை மண்பானையிலிருந்து விலக்கிக்கொண்டு வருகிறது. ஆனால், பானை விரிவது சகுனத்தால் அன்று. ஈரத்தாலும் அவசரத்தாலும் சீரற்ற சூட்டாலும்தான். ஒரு பானை எந்த மண்ணால், எந்த முறையில், எத்தனை வெப்பத்தில் உருவாகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் அதை விரியாமல் காப்பதும் எளிது. ஆர்வம் இருந்தால் நாமே ஒன்றை வனைவதும் இயலக்கூடியதே. கடந்த ஈராண்டுகளாக வார இறுதிகளில் மண்ணைப் பிசைந்து வருபவன் என்ற முறையில், கற்றவற்றைக் கழகத் தோழர்களோடு இம்மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

மண்ணெல்லாம் களிமண் ஆகாது

பினாங்குத் தீவின் பெரும்பகுதி கருங்கல்லால் ஆனது. கொடிமலையில் ஏறிய அனைவரும் அந்தப் பாறைகளைப் பார்த்திருப்போம். கருங்கல்லில் ஃபெல்ஸ்பார் என்றொரு தாது உண்டு. நம் நாட்டு மழையிலும் வெப்பத்திலும் அது மிக நெடுங்காலமாகச் சிதைந்து, கயோலினைட் என்னும் களித்தாதுவாக மாறுகிறது. களிமண்ணின் இயல்பெல்லாம் இந்தத் தாதுவின் வடிவத்தில் அடங்கியிருக்கிறது. அதன் துகள்கள் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தட்டுகள். இரண்டு கண்ணாடித் தகடுகளை நனைத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் எளிதாக வழுக்கும். மேலே தூக்கிப் பிரிப்பதோ கடினம். ஈரக் களிமண் நம் விரலுக்கு வளைந்து கொடுப்பதும், கொடுத்த வடிவத்தை விடாமல் பிடித்துக்கொள்வதும் இப்படித்தான்.

பாறை சிதைந்த இடத்திலேயே கிடக்கும் மண் வெளிறியது, சொரசொரப்பானது, அவ்வளவாக வளையாது. பேராக்கில் பீடோர், தாப்பா வட்டாரத்தில் தோண்டி எடுக்கப்படும் வெண்களிமண் இவ்வகையைச் சார்ந்தது. பீங்கானுக்கும் காகிதத்துக்கும் அது பயன்படுகிறது. மழைநீரால் அடித்துச் செல்லப்பட்டு ஆற்றோரத்திலும் வயலிலும் படிந்த மண் வேறு. வழியெல்லாம் அரைபட்டு நுண்மையாகி, இரும்புச் சத்தையும் சேர்த்துக்கொண்டு வரும் இந்த வண்டல் களிமண்தான் நன்றாக வளையும். நம் பானை சிவப்பாக இருப்பதற்கு அந்த இரும்பே காரணம்.

மண்ணைத் தேடிப் போகிறவர்கள் மூன்று சோதனைகளைச் செய்துகொள்ளலாம்.

முதலாவது, புட்டிச் சோதனை. ஒரு கண்ணாடிப் புட்டியில் கால்பங்கு மண்ணும் மீதி நீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே அடியில் தங்கும். அடுத்து வண்டல் படியும். களி கடைசியாக, ஒரு நாள் சென்றும் கூடக் கலங்கலாய் நிற்கும். மேலே படிந்த களிப்படலம் எவ்வளவு தடிப்போ மண் அவ்வளவு நல்லது.

இரண்டாவது, திரிச் சோதனை. பென்சில் கனத்துக்கு ஒரு திரியை உருட்டி விரலில் சுற்றுங்கள். வெடிப்பு விடாமல் சுற்றிக்கொண்டால் அது வனையத் தக்க மண்.

மூன்றாவது, புளிக்காடிச் சோதனை. காய்ந்த கட்டியின்மேல் புளிக்காடி சில துளி விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. கடலோரச் சேற்றை எடுப்பவர்கள் இதை மறக்கக் கூடாது. கிளிஞ்சல் துண்டு ஒன்று உள்ளே இருந்தால், சூளையில் அது நீற்றுச் சுண்ணாம்பாகும். பிறகு காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, சில நாள் கழித்துப் பானையின் ஒரு பகுதியைப் பெயர்த்தெறியும். கடற்சேற்றில் உப்பும் சேர்ந்திருப்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

மண் தோண்ட வழியில்லாதவர்கள் கலைப்பொருள் கடையில் பொதியாக வாங்கலாம். அப்படி வாங்கும்போது அது எத்தனை பாகையில் சுட வேண்டிய மண் என்பதைக் கேட்டறியுங்கள். புத்தகக் கடைகளில் கிடைக்கும், தானாகக் காய்ந்து இறுகும் மண்ணும், அடுமனை அடுப்பில் வாட்டும் வண்ண நெகிழிக் களியும் பொம்மை செய்ய உதவும், பாத்திரத்துக்கு உதவா.

பதம் என்னும் சொல்

மண் கிடைத்துவிட்டால் அதைப் பதப்படுத்த வேண்டும். முதலில் நன்றாகக் காயவைத்து, கட்டிகளை உடைத்து, பின் நீரில் போட வேண்டும். ஈரக் கட்டியைவிடக் காய்ந்த கட்டியே நீரில் விரைவாகக் கரையும். கரைந்த கூழைக் கொசுவலைத் துணியில் வடிகட்டினால் கல்லும் வேரும் நீங்கும். ஓரிரு நாள் தெளியவிட்டு மேல்நீரை இறுத்துவிட்டு, பழைய தலையணை உறையில் கட்டித் தொங்கவிடுங்கள். கையில் ஒட்டாத பக்குவம் வந்ததும் நெகிழிப் பையில் சுற்றிச் சில வாரம் விட்டுவைத்தால் மண் இன்னும் நன்றாக வளையும். கொஞ்சம் நாற்றம் எடுக்கும். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று.

சமையல் பானைக்கு இந்த மண் மட்டும் போதாது. மணல் சேர்க்க வேண்டும். மண்ணின் அளவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை சலித்த ஆற்றுமணலைச் சேர்க்கலாம். உடைந்த பானை ஓட்டை இடித்துத் தூளாக்கியும் கலக்கலாம். உமி சேர்ப்பதும் உண்டு. அது சூளையில் எரிந்து, இருந்த இடத்தில் நுண்துளையை விட்டுச் செல்லும். மணல் ஏன் வேண்டும் என்பதைப் பின்னால் பார்ப்போம். கட்டுரையின் தலைப்புக்கு விடையே அதில்தான் இருக்கிறது.

அடுத்து மிதித்தலும் பிசைதலும். மண்ணுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் சூளையில் வெடிக்கும் என்று வகுப்புகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். காற்றுக்கு வெடிக்கும் வலிமை இல்லை. வெடிக்கச் செய்வது ஈரம். பிசைவதன் உண்மையான பயன் மண்ணில் ஈரமும் மணலும் ஒரே சீராகப் பரவுவதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. காய்ந்த களிமண் தூளில் சிலிக்கா உண்டு. அதை நெடுநாள் சுவாசித்தால் நுரையீரல் கெடும். காய்ந்த மண்ணைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை உப்புத்தாளால் தேய்ப்பதையும் தவிர்க்கவும்.

வனைதல்

தமிழில் வீடு கட்டுகிறோம், துணி நெய்கிறோம், பாய் முடைகிறோம். பானையை மட்டும் வனைகிறோம். ஒரு தொழிலுக்கென்றே இப்படி ஒரு வினைச்சொல்லை வைத்திருக்கும் மொழி நம்முடையது.

நம் குயவர்கள் பானை வனையும் முறை, வகுப்புகளில் கற்பிக்கப்படும் முறையினின்று வேறுபட்டது. சக்கரத்தில் அவர்கள் பானையின் வாயையும் கழுத்தையும் முழுமையாக உருவாக்குவார்கள்; வயிற்றுப் பகுதியைத் தடிப்பாகவே விட்டுவைப்பார்கள். நூலால் அறுத்து எடுக்கும்போது அதற்கு அடிப்பாகமே இருக்காது. சற்று உலர்ந்து தோல்போல் இறுகியதும், உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டி, மண்ணைக் கீழ்நோக்கி மெலிந்து பரவச் செய்து அடியை மூடுவார்கள். இப்படித் தட்டும்போது பானைச் சுவர் மெல்லியதாகவும் இறுக்கமாகவும் உருண்டையாகவும் ஆகிறது. மூலையே இல்லாத உருண்டை அடிக்கு ஒரு சிறப்பு உண்டு. சூட்டால் ஏற்படும் இழுவிசை மூலைகளில்தான் குவியும். மூலை இல்லை என்றால் விரிசல் தொடங்க இடம் குறைவு.

சக்கரம் இல்லாதவர்களும் இம்முறையைப் பின்பற்றலாம். ஒரு பழைய மங்கைக் கவிழ்த்து, அதன்மேல் ஈரத்துணி விரித்து, தட்டையாகத் தட்டிய மண்ணை அதில் படியவையுங்கள். இறுகியதும் நிமிர்த்தி, விரல் கனத்துத் திரிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி உள்ளும் புறமும் தேய்த்து இணைத்துச் சுவரை எழுப்புங்கள். பின்னர் உள்ளே உருண்டைக் கல், வெளியே சப்பாத்திப் பலகைத் துண்டு. ஐந்தாறு மில்லிமீட்டர் கனம் வரும்வரை தட்டலாம். கனம் எங்கும் ஒன்றுபோல் இருப்பது, மெல்லியதாக இருப்பதைவிட முக்கியம்.

தொடக்கத்திலேயே பானைக்குப் போக வேண்டாம். முதலில் பத்து அகல் விளக்கு செய்யுங்கள். உள்ளங்கையில் உருண்டையை வைத்துக் கட்டைவிரலால் குழித்துக் கிள்ளினால் அகல். அடுத்துச் சட்டி. அதன் பிறகு பானை.

கைப்பிடியோ மூக்கோ ஒட்டும்போது இரு துண்டுகளும் ஒரே அளவு ஈரமாக இருக்க வேண்டும். சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் முன்னோர் சொன்னது உறவுகளைப் பற்றி மட்டும் அன்று. ஈர மண் சுருங்கும். சுட்ட மண் சுருங்காது. ஒன்று சுருங்கி மற்றது சுருங்காவிட்டால் இணைப்பு பிளந்தே தீரும்.

காயும் காலம்

களிமண் காயும்போது தட்டுகளுக்கு இடையே இருந்த நீர் வெளியேறி, தட்டுகள் நெருங்கி வருகின்றன. அதனால் பாத்திரம் சுருங்குகிறது. உங்கள் மண்ணின் சுருக்கத்தை அறிய, ஈர மண் பட்டை ஒன்றில் 10 செ.மீ. நீளக் கோடு கீறிக் காயவையுங்கள். கோடு 9.2 செ.மீ. ஆனால் சுருக்கம் 8 விழுக்காடு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதுபோல, ஒரு பட்டை முழு மண்ணின் குணத்தையும் சொல்லிவிடும். மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும். மணல் சுருங்காது அல்லவா?

வெளியோரம் முன்னதாகக் காய்ந்து, அடி பின்னதாகக் காய்ந்தால் வெடிப்பு விழும். எனவே வாய்விளிம்பை நெகிழித் தாளால் மூடி, பாத்திரத்தை நிழலில் வையுங்கள். பிறகு கவிழ்த்து வையுங்கள். நம் பினாங்கின் ஈரக்காற்று இங்கே நமக்குத் துணை செய்கிறது. மதுரையில் மூன்று நாளில் காய்வது இங்கு ஒரு வாரத்துக்கு மேலும் எடுக்கலாம். மெல்லக் காய்வதால் வெடிப்பு குறையும். ஆனால், வெளியே காய்ந்ததுபோல் தோன்றினாலும் உள்ளே ஈரம் எஞ்சியிருக்கும். பாத்திரத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் நீர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

நெருப்பில் நடப்பது

காய்ந்த பாத்திரம் இன்னும் பானை ஆகவில்லை. நீரில் இட்டால் மீண்டும் சேறாகும். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா என்ற பழமொழியை அனைவரும் அறிவோம். அது குதிரை அன்று, மணல்திட்டைக் குறிக்கும் குதிர் என்று பொருள் கொள்வாரும் உண்டு. இலக்கண ஆசிரியர்கள் அதைத் தீர்த்துக்கொள்ளட்டும். பச்சை மண்ணால் செய்த குதிரை ஆற்றில் கரையும் என்பது மட்டும் உறுதி.

சூட்டில் நடக்கும் மாற்றங்களை வரிசையாகக் காண்போம். 100 பாகை செல்சியசில் எஞ்சிய ஈரம் கொதித்து ஆவியாகிறது. ஒரு மில்லிலிட்டர் நீர் ஆவியானால் ஏறத்தாழ 1,700 மில்லிலிட்டர் இடம் கேட்கும். மெல்லச் சூடேற்றினால் அது நுண்துளை வழியே வெளியேறும். வேகமாக ஏற்றினால் சுவரைப் பிளந்துகொண்டு வெளியேறும். சூளையில் பாத்திரம் வெடிப்பது பெரும்பாலும் இதனால்தான். தமிழகத்து அய்யனார் கோயில்களில் வேளார்கள் செய்து நிறுத்தும் ஆளுயர மண்குதிரைகள் உள்ளே வெற்றிடமாக இருப்பதும், தடித்த மண்ணில் ஈரம் சிக்கிக்கொள்ளாமல் இருக்கத்தான்.

450 முதல் 600 பாகைக்குள் களித்தாதுவின் உள்ளேயே பிணைந்திருந்த நீர் பிரிந்து போகிறது. இதன்பின் மண் மீண்டும் மண்ணாகாது. எவ்வளவு நீர் ஊற்றினாலும் கரையாது. வீட்டு அடுமனை அடுப்பு 250 பாகையளவே எட்டும் என்பதால் அதில் மண்ணைச் சுட முடியாது. உலர்த்த மட்டுமே முடியும். 573 பாகையில் மண்ணிலுள்ள படிகமணல் சட்டென்று விரிகிறது; ஆறும்போது அதே இடத்தில் சட்டென்று சுருங்குகிறது. ஆகவே சூளையை அவசரமாகத் திறக்கக் கூடாது.

நம் பானைகள் திறந்த நெருப்பிலும் நாட்டுச் சூளையிலும் ஏறத்தாழ 600 முதல் 900 பாகை வரை சுடப்படுகின்றன. காப்பிக் கோப்பைகளுக்குரிய ஸ்டோன்வேர் மண் 1,200 பாகைக்கு மேல் சுடப்படுகிறது. பீங்கானுக்கு இன்னும் அதிக வெப்பம் வேண்டும்.

நிறமும் நெருப்பின் கையில்தான். காற்று தாராளமாகக் கிடைத்தால் இரும்பு சிவக்கும். காற்றைத் தடுத்துப் புகையை அடைத்தால் கரி படிந்து கறுக்கும். கோலகங்சாரில் செய்யப்படும் லாபு சாயோங் நீர்க்குடுவையின் கருமை, சூளையிலிருந்து எடுத்த சூடான குடுவையை உமியில் புதைப்பதால் வருவது. தமிழகத்தில் பழங்காலத்துக் கறுப்பு-சிவப்புப் பானைகள் உள்ளே கறுப்பாகவும் வெளியே சிவப்பாகவும் இருப்பதற்கு, அவற்றைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதையே காரணமாகச் சொல்வார்கள்.

சுட்ட மண் திரும்ப மண்ணாகாது என்பதனால் நமக்கு வரலாறு கிடைத்தது. கீழடியில் 2015 முதல் நடந்த அகழாய்வில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்ட பானை ஓடுகள் கிடைத்தன. நாம் வாழும் இதே கடற்கரையின் வடக்கே, தாய்லாந்தின் ரானோங் மாநிலத்துப் பூகாவ் தோங் என்னும் இடத்தில் தமிழி எழுத்துப் பொறித்த ஓடு கிடைத்த செய்தி 2006ஆம் ஆண்டில் வெளியானது. அந்த ஓட்டுக்குரிய கலம் எப்போதோ உடைந்துவிட்டது. எழுத்து மட்டும் நிற்கிறது.

சொந்தமாகச் சுட விரும்புவோர்க்கு இரண்டு வழிகள். ஜார்ஜ்டவுனில் மட்கல வகுப்பு நடத்தும் கலைக்கூடங்களில் கட்டணம் கட்டிச் சுட்டுத் தரக் கேட்கலாம். ஆற்று மண்ணாக இருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 900 பாகைக்குரிய மண்ணை 1,250 பாகைச் சூளையில் வைத்தால் உருகி ஓடி அவர்களுடைய தட்டையும் பாழாக்கும். இன்னொரு வழி மரத்தூள் சூடு. துளையிட்ட தகர டின்னில் மரத்தூளை அடைத்து, நடுவில் அகல்களைப் புதைத்து, மேலிருந்து பற்றவைத்தால் ஒரு நாள் முழுவதும் கனன்று கறுப்பு அகல்கள் கிடைக்கும். அவை விளக்குக்கு ஆகும். சமையலுக்கு வலிமை போதாது. நம் நாட்டில் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைக் கட்டுப்படுத்துகிறது. ஆகவே உரிய தரப்பிடம் கேட்காமல் நெருப்பு மூட்டாதீர்கள்.

இனி, பானை விரிவது ஏன்?

விலையுயர்ந்த ஸ்டோன்வேர் கோப்பையை எரிவாயு அடுப்பின்மேல் வைத்தால் பெரும்பாலும் இரண்டாகப் பிளக்கும். அதைவிடக் குறைந்த சூட்டில் வெந்த, விலை குறைந்த நம் பானை விறகு நெருப்பைத் தாங்கும். இது எப்படி?

எந்தப் பாத்திரமானாலும் சூடேறிய பகுதி விரியும். சூடேறாத பகுதி விரியாது. இந்த இழுபறியில் நுண்ணிய விரிசல் விழத்தான் செய்யும். அது தொடர்ந்து ஓடுகிறதா, நின்றுவிடுகிறதா என்பதே கேள்வி. ஸ்டோன்வேர் கண்ணாடிபோல் இறுகியது. விரிசல் தொடங்கினால் மறுமுனை வரை தடையின்றி ஓடும். நம் பானையிலோ மணலும் நுண்துளையும் நிறைந்திருக்கின்றன. ஓடிவரும் விரிசல் ஒரு துளையில் முடிகிறது. அல்லது ஒரு மணலில் முட்டித் திசைமாறி வலுவிழக்கிறது. சொரசொரப்பு, நீர் கசிதல், குறைந்த சூட்டில் வெந்தது என்று நாம் குறையாகக் கருதும் அனைத்தும் நெருப்பின்மேல் நிறைகளாகின்றன. சமையல் பானை என்பது நெருப்புக்கென்றே பக்குவப்படுத்தப்பட்ட கருவி.

அப்படியானால் பொங்கலன்று விரிவதற்குக் காரணம் என்ன? பெரும்பாலும் பானையைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றுவதுதான். பின்வருவனவற்றைக் கவனித்தால் பானை நிலைக்கும்.

வாங்கும்போது பானையை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது. மொத்தென்று ஒலித்தால் எங்கோ கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளது. பாட்டிமார்கள் தட்டிப் பார்த்து வாங்கியது வெறும் வழக்கம் அன்று. அது ஒரு பொருட்சோதனை.

பொங்கலுக்கு முதல்நாள் வாங்கி மறுநாள் ஏற்றாதீர்கள். ஒரு வாரம் முன்னதாக வாங்கி ஒரு நாள் நீரில் ஊறவைத்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். பிறகு அரிசி கழுவிய நீரையோ நீர்த்த கஞ்சியையோ ஊற்றி மிதமான சூட்டில் மெல்லக் கொதிக்கவிட்டு, தானாக ஆறவிடுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால் கஞ்சியின் மாவுப்பொருள் துளைகளில் படிந்து கசிவைக் குறைக்கும். பானையும் சூட்டுக்குப் பழகும்.

பொங்கலன்று வெறும் பானையை அடுப்பில் வைக்காதீர்கள். பாலோ நீரோ ஊற்றிய பிறகே ஏற்றுங்கள். முதல் பத்து நிமிடம் சிறுநெருப்பு போதும். அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில் பொங்குபவர்கள் காற்று ஒரு பக்கமாக நெருப்பைத் தள்ளாதபடி மறைப்பு வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் சூடேறுவதே பானைக்குப் பெரும்பகை. பொங்கி வழியும் பாலால் அவ்வளவு தீங்கில்லை. அது கொதிநிலையில் இருக்கிறது. நெருப்பை அடக்க அவசரமாகத் தெளிக்கும் பச்சைத் தண்ணீர் சூடான பானையில் பட்டால்தான் ஆபத்து. விறகை வெளியே இழுத்து நெருப்பைக் குறையுங்கள்.

பளபளப்பு வேண்டுமா?

அண்மைக் காலத்தில் பளிச்சென்ற சாயம் பூசிய பானைகளைப் பார்க்கிறோம். அலங்காரத்துக்கு அவை அழகு. அடுப்புக்கு வேண்டாம். எண்ணெய்ச் சாயம் சூட்டில் கருகிப் புகையும்.

கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு வேறு. சிலிக்கா, அலுமினா, அவற்றை உருகச் செய்யும் ஒரு பொருள் ஆகிய மூன்றும் சேர்ந்து சூளையில் உருகிக் கண்ணாடியாகப் படிவது அது. குறைந்த சூட்டில் உருகவைக்கப் பழங்காலத்தில் ஈயம் சேர்த்தார்கள். அத்தகைய பாத்திரத்தில் புளியோ எலுமிச்சையோ பட்டால் ஈயம் கரைந்து உணவில் கலக்கும். ஆகவே பூச்சு வாங்கும்போது ஈயம் கலவாதது, உணவுக்கு ஏற்றது என்று குறிக்கப்பட்டதையே வாங்குங்கள். பழங்கடையில் கிடைக்கும் அழகிய சட்டியில் ரசம் வைக்காதீர்கள்.

பூச்சே இல்லாமலும் மெருகேற்றலாம். தோல்போல் இறுகிய நிலையில் வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தால் களித்தட்டுகள் ஒரே திசையில் படிந்து பளபளக்கும். அதற்கு முன் செங்காவிக் கரைசலை ஒரு கை பூசினால் சிவப்பும் கூடும்.

வனைபவர் இருக்கும்வரை

கோலசிலாங்கூரின் கம்போங் குவாந்தான் என்றதும் மின்மினிப் பூச்சிகளே நம் நினைவுக்கு வரும். அதே வட்டாரத்தில் தமிழ்க் குயவர் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பொங்கல் பானையும் அகலும் வனைந்து வருகின்றன. லாபு சாயோங் ஒரு மாநிலத்தின் கலைச்சின்னமாக மதிக்கப்படுகிறது. மாணவர்கள் பேருந்தில் சென்று பார்க்கிறார்கள். நம் பானையை நாம் அப்படிப் பார்த்தோமா? திருமணத்திலும் பொங்கலிலும் தீச்சட்டி எடுப்பதிலும் இறுதிச் சடங்கிலும் மண்கலம் இல்லாமல் நமக்கு ஆகாது. ஆனால், அதை வனைந்த கையைச் சாதியின் பெயரால் தாழ்த்தி வைத்த சமுதாயமும் நாம்தான். இந்த முரண்பாட்டைச் சொல்லாமல் மரபின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது.

நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவன். அறிவியலை மலாயில் கற்றதால் தானா லியாட் என்ற சொல்லே எனக்கு முதலில் பழக்கமாயிற்று. கையில் மண் பட்டபின்தான் சூளை, திரிகை, பச்சைப்பானை, கலயம், தாழி, ஓட்டாஞ்சில்லு ஆகிய சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி வந்தன. பானைக்கு வாயும் கழுத்தும் வயிறும் உண்டு என்று நம் மொழி ஏன் பேசுகிறது என்பதும், ஈரப் பானையைத் தட்டும்போதுதான் விளங்கிற்று. செயல் நின்றுபோனால் சொல்லும் நின்றுபோகும். வனைபவர் இல்லாத ஊரில் வனை என்னும் வினை எதற்கு?

நாம் அனைவரும் குயவராக வேண்டும் என்பதில்லை. ஒரு பை மண் வாங்கி இந்தத் தீபாவளிக்குப் பத்து அகல் கிள்ளிப் பார்க்கலாம். வரும் தைக்கு ஒரு மண்பானையைத் தட்டிப் பார்த்து, பேரம் பேசாமல் வாங்கி, ஒரு வாரம் பழக்கலாம். எவர்சில்வருக்கு மாறிவிட்ட நம் தாய்மார்களிடம், பானை விரிந்தது அவர்கள் வீட்டுக்கு வந்த கெடுதலால் அன்று, அடுப்பில் ஏற்றிய வேகத்தால்தான் என்று எடுத்துச் சொல்லலாம். அவர்கள் மனத்தில் உள்ள அந்தச் சங்கடம் நீங்கினாலே கம்போங் குவாந்தானின் சூளை இன்னும் சில ஆண்டுகள் எரியும்.